கல்லாகும் மண்

மழை விட்ட காலையில் தோட்டத்துச் சாலையில் நடந்தால் நம் கால்களெல்லாம் சிவந்துவிடும். அதே சாலை வெயிலில் காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். சாலைக்குக் கொட்டும் அந்தச் சிவப்புச் சரளையை லேட்டரைட் என்கிறார்கள். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று இன்று பார்ப்போம்.

கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1800ஆம் ஆண்டில் மைசூர், மலபார் பகுதிகளைச் சுற்றிப் பார்த்து விவரம் எழுத அனுப்பப்பட்டார். மலபாரில் அங்காடிப்புரம் என்னும் ஊரில் ஒரு விந்தையைக் கண்டார். அங்கே தொழிலாளர்கள் நிலத்திலிருந்து சிவந்த கட்டிகளைக் குந்தாலியால் பெயர்த்தெடுத்து, பெரிய கத்தியால் செதுக்கினார்கள். வெட்டும்போது மென்மையாக இருந்த கட்டி, காற்றும் வெயிலும் பட்டதும் செங்கல்லைப்போல் இறுகிவிட்டது. அந்த வட்டார மக்கள் அதைச் செங்கற்கல் என்னும் பொருளில் 'இட்டிகைக் கல்' என்றார்கள். இட்டிகை என்பது செங்கல்லைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லும்கூட. புக்கானன் அதையே லத்தீனுக்கு மாற்றினார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். 1807இல் வெளிவந்த அவருடைய நூலில் லேட்டரைட் என்ற பெயர் இடம்பெற்றது. ஆக, உலகம் முழுவதும் வழங்கும் இந்த அறிவியல் சொல்லுக்கு வித்திட்டவர்கள் கல் வெட்டிப் பிழைத்த எளிய மக்களே.

இது எப்படி உண்டாகிறது? வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில் பாறை நெடுங்காலமாக உளுத்துப்போகிறது. சுண்ணாம்புச் சத்து, சாம்பல் சத்து முதலியவற்றை மழைநீர் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. மணற்சத்தும் பெரும்பகுதி கரைகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. இரும்பு துருப்பிடிப்பதால்தான் அந்தச் சிவப்பு நிறம். ஈரம் வற்றும்போது அந்த இரும்பே மண்ணை இறுக்கிக் கல்லாக்குகிறது. ஆனால் செம்மண் எல்லாமே லேட்டரைட் அல்ல என்பதையும் நினைவில் வைப்போம்.

இந்தக் கல்லின் உறுதிக்கு மலாக்காவே சாட்சி. 1511இல் அதைப் பிடித்த போர்த்துகீசியர் தங்கள் கோட்டையை இந்தச் சிவப்புக் கல்லால்தான் கட்டினார்கள்.

கட்டடத்துக்கு நல்லதாகிய இந்தக் குணம் பயிருக்குக் கேடு. சத்துக் கரைந்த நிலத்தில் மிஞ்சியிருப்பது மேலே உள்ள மெல்லிய மண்தான். மழை அதையும் அடித்துச் சென்றால் கீழே உள்ள சரளை வெளிப்பட்டு இறுகிவிடும். பிறகு மண்வெட்டி இறங்காது, வேரும் இறங்காது. இளம் ரப்பர் மரங்களுக்கிடையே மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடுவது இதற்காகத்தான்.

வீட்டோரம் கீரையும் மரவள்ளியும் போடும் நாமும் இதைச் செய்யலாம். சரிவான இடத்தை வெறுமையாக விடாமல், வெட்டிய புல்லையும் சருகையும் எரிக்காமல் செடியடியில் பரப்புவோம். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டுவோம். கைப்பிடி மேல்மண் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அது கரைந்துபோக ஒரு பெருமழை போதும்.