மேகத்தினுள் ஒரு நடை



கொடைக்கானல் மலைக்குச் செல்வோர் பெரும்பாலும் சித்திரை, வைகாசி மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். கீழே சமவெளி கொதித்துக் கிடக்கையில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக் குளிர்காற்றை மனம் நாடுவது இயல்புதான். ஆயினும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று மேகங்களை ஓட்டிவந்து சரிவுகளில் நிறுத்திவைக்கும் நாட்களில், குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு அம்மலைப் பாதைகளில் நிதானமாக நடப்பதில் உள்ள ஆனந்தத்துக்கு வேறெந்தப் பருவமும் ஈடாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிர்காலத்தை உரித்தாக்கிய தொல்காப்பியர் மலையை நன்கறிந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் தாயார், மனைவி, குழந்தைகள் ஆகியோருடன் அத்தகையதொரு நாளில் வட்டக்கானல் பாதையில் நடந்தேன். பெரியகுளத்துச் சமவெளியும், அப்பால் வைகை அணையின் நீர்ப்பரப்பும் தெரியவேண்டிய திக்கில் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. "ஒண்ணுமே தெரியாத இடத்துல என்னத்தப் பாக்கப் போறோம்ப்பா?" என்று தாயார் கேட்டார். ஈரக்காற்று சரிவில் ஏற ஏற விரிந்து குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிவிடுகிறது. ஆகையால் நாம் இப்போது நடப்பது மேகத்தினுள்ளேதான் என்று நான் சொன்னதும், குழந்தைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முன்னே ஓடியவர்கள் பத்தடியில் மறைந்துபோகவே, ஒருவரையொருவர் குரல் கொடுத்து அழைத்துக்கொண்டு, தாயாரின் நடைக்கு இசைந்தே அனைவரும் நடக்கலானோம்.

சோலைக்காட்டை அடைந்தபோது அவரே ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். "வெட்டவெளியில மழை இல்ல, மரத்தடியில மட்டும் பெய்யுதே!" என்றார். குட்டையாகவும் நெருக்கமாகவும் வளர்ந்த அம்மரங்களின் இலைகளிலும், கிளைகளைப் போர்த்திய பாசியிலும், பெரணியிலும் மேகத்தின் நுண்துளிகள் படிந்து திரண்டு சொட்டுகின்றன. அந்த ஜலத்தை மக்கிய இலைகள் நிறைந்த மண் பஞ்சைப்போல உறிஞ்சிவைத்து, மழை ஓய்ந்த பின்பும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. இம்மலைத்தொடரில் பிறந்து வைகையில் கலக்கும் மஞ்சளாறு போன்ற சிற்றாறுகளுக்கு இச்சோலைகளே ஆதாரம். சிறிது தொலைவில், மனிதர் நட்டு வளர்த்த பைன் மரங்களின் கீழே, உதிர்ந்த ஊசியிலைகளன்றிப் பசுமை ஏதும் காணவில்லை. இவற்றையும் சீகை மரங்களையும் நடுவதற்காக எத்தனை புல்வெளிகளை இழந்தோம் என்று நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.

பிற்பகலில், 1872ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் பாதைக்கு வந்தோம். எங்கள் முதுகுப்புறம் சூரியன் சற்றே வெளிப்பட, எதிரே பள்ளத்தை நிறைத்திருந்த மேகத்தின்மீது எங்கள் நிழல்கள் நீண்டு விழுந்தன. தலை நிழலைச் சூழ வர்ணவளையம் ஒன்று பிரகாசித்தது. அபூர்வமாகவே வாய்க்கும் காட்சி அது. வளையம் தன் தலையைச் சுற்றித்தான் என்றாள் மகள். தன் தலையைச் சுற்றித்தான் என்று பிடிவாதம் செய்தான் மகன். துளிகள் ஒளியை வந்த திக்கிலேயே திருப்பி அனுப்புவதால், அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையைச் சுற்றியே வளையம் தோன்றும். இருவர் சொன்னதும் மெய்யே. நான் அதை விளக்க வாயெடுக்குமுன், நடுவில் நின்ற தாயார், "இல்லடா, என்னையச் சுத்தித்தான் தெரியுது" என்றார்.