வயதின் மேல் பழி போடாதீர்கள்

(வாஷியில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு வயது 76. பி.எஸ்ஸி. படித்து, 35 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். டாக்டர் அல்ல. பட்டதையும் படித்ததையும் சொல்கிறேன்.

ரிடையரானதும் வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. "நீங்க உட்காருங்கோப்பா, நான் பாத்துக்கறேன்" என்பான் பிள்ளை. பாங்க், மின்சார பில், காய்கறி எல்லாம் போயிற்று. ஒரு நாள் மாட்டுங்காவுக்குக் கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாற வேண்டும் என்பது, நூற்றுக்கணக்கான தடவை போய்வந்த எனக்கு, நினைவுக்கே வரவில்லை. பயந்துபோனேன். இரண்டு மாதம் வீட்டில் மூச்சு விடவில்லை.

அது தவறு. பிறகு டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்ததில் பி12 வைட்டமின் மிகக் குறைவு என்று தெரிந்தது. ஊசி போட்டுக்கொண்டபின் தெளிவு வந்தது. நம்மைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்கு இக்குறை சகஜம். தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, காது மந்தம் இவையும் மறதிபோல் தோன்றலாம். எனவே "வயசாச்சு" என்று ஒதுக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி மூளைக்கு வருவோம். புதிய ஞாபகங்களைப் பதியவைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. கடற்குதிரை போல் வளைந்திருக்கும். முதுமையில் இது சிறுகச் சிறுகச் சுருங்குகிறது. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிஷம் வேகமாக நடந்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் அப்பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. நமக்கு சாகர் விஹார் இருக்கிறது. மற்ற ஊர்களில் ஒரு பார்க் இல்லாமலா போகும்?

இன்னொன்று பாஷை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரே பாஷை பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேற்பட்ட பாஷை பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வித்தியாசம் காணப்பட்டது. எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை; நோயே வராது என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டில் தமிழ், மார்க்கெட்டில் மராத்தி, ரயிலில் ஹிந்தி, ஆபீஸில் இங்கிலீஷ் என்று வாழ்ந்த நாம், ரிடையரானதும் டி.வி. முன் ஒரே பாஷையோடு ஏன் உட்கார வேண்டும்?

இப்போது காய்கறி வாங்க மறுபடி நானே போகிறேன். மராத்தியில்தான் பேரம். பிள்ளை கூட வந்தால், "பையை நீ தூக்கிக்கோ, கணக்கை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லிப் பாருங்கள்.