நெல் வயலை நெல் வயலாகக் காப்பவனுக்கு ஊக்கத்தொகை கொடு!

(பழவேற்காடு ஏரிக்கரை கிராமங்களின் சிறு, குறு விவசாயிகள் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



"விவசாயிங்க கூட்டத்துல மீனவங்களுக்கு என்ன வேலை?" என்று வரும் வழியிலேயே ஒருத்தர் கேட்டார். பதில் ஆரணி ஆற்றிலே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆறு கொண்டுவருகிற நல்ல தண்ணிதான் நம்ம வயலிலே உப்பைக் கழுவி விடுகிறது. அதே தண்ணி ஏரிக்குள் இறங்கி, மண் மூடிக் கிடக்கிற முகத்துவாரத்தை முட்டித் திறக்கிறது. அது திறந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரும். மழை பொய்த்த வருஷம் நமக்குக் களத்துமேடு காலி. முறைவைத்துப் பாடு இறங்குகிற அவர்களுக்கும் வலை காலி. அதனாலேதான் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம்.

இப்ப நம்ம ஊர் சங்கதிக்கு வருவோம். இறால் பண்ணைக்காரர் வருகிறார். நெல்லிலே கிடைப்பதைவிடப் பல மடங்கு குத்தகை, கையிலே ரொக்கம். ஒருத்தர் கொடுத்துவிடுகிறார். குட்டை வெட்டி உப்புத்தண்ணி நிரப்புகிறார்கள். வரப்புக்கு அடியிலே உப்பு ஊறுகிறது. அடுத்த வருஷம் பக்கத்து வயலில் நாற்று நுனி கருகுகிறது, அதற்கடுத்த வருஷம் விதைத்ததே திரும்பவில்லை. அவரும் என்ன செய்வார்? அவரும் குத்தகைக்கு விடுகிறார். நோய் விழுந்து பண்ணைக்காரர் மூட்டை கட்டிப் போன பிறகு நமக்கு மிஞ்சுவது குழியும் உப்பும்தான். குட்டையிலிருந்து திறந்துவிட்ட கழிவு போய்ச் சேர்ந்தது ஏரியிலே. பண்ணைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, கையெழுத்துப் போட்டது நாமதான். ஆனால் ஏன் போட்டோம் என்று கேட்கணும்.

சட்டம் இல்லாமல் இல்லை. நாகை மாவட்டத்து சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 11.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பழவேற்காடு ஏரி, சில்கா ஏரி இரண்டின் பெயரையும் சொல்லி, 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை வைக்கக்கூடாது என்றது. விவசாய நிலம், உப்பளம், ஊர்ப் பொது நிலம் எதையும் இறால் குட்டையாக மாற்றக்கூடாது என்றது. அப்புறம் என்ன ஆச்சு? 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று 1991-லிருந்தே முன்தேதியிட்டு எழுதிக்கொண்டார்கள். விவசாய நிலத்தை மாற்றக்கூடாது என்ற வரி மட்டும் வழிகாட்டு விதிகளில் தங்கியிருக்கிறது. தாளிலே தங்கியிருக்கிறது.

சரி, அந்த வரியை அமல்படுத்தினாலே போதுமா? போதாது என்பதுதான் நம்ம சங்கத்தின் கருத்து. சட்டம் "மாற்றாதே" என்கிறது. மாற்றாமல் வைத்திருக்கிறவன் எதைச் சாப்பிடுவான் என்று கேட்கவில்லையே! யூரியா மூட்டைக்கு மானியம் உண்டு. மூட்டை வாங்காமல் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறவனுக்கு என்ன உண்டு? இந்த ஏரியை 1980-ல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். நல்லது. பூநாரை வரட்டும், பார்க்க ஜனம் வரட்டும். ஏரிக்கு நல்ல தண்ணி போகிற வழியெல்லாம் நம்ம வயலும் வாய்க்காலும் தாங்கலும்தான். அதைப் பாதுகாக்கிற வேலையை நாம் சும்மா செய்துகொண்டிருக்கிறோம்.

கேரளத்தைப் பாருங்கள். 2008-லேயே நெல் வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். 2020-ல், நெல் வயலை மாற்றாமல் பயிர் வைக்கிற உடைமைக்காரருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் வயல் தண்ணியைச் சேமிக்கிறது, அதற்கு ஒரு விலை உண்டு என்று ஒரு அரசாங்கம் ஒத்துக்கொண்டதே, அது பெரிசு. அங்கேயே பொக்காளி என்று ஒரு முறை இருக்கிறது. மழைக்காலத்தில் உப்புத் தாங்கும் நெல், அறுத்த பிறகு அதே வயலில் தாளைத் தின்று வளரும் இறால். உரமில்லை, மருந்தில்லை. இறாலே கூடாது என்பதல்ல நம்ம பேச்சு.

நம்ம தமிழ்நாட்டிலும் 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. போராடி வாங்கினார்கள். அதில் நம்ம ஏரிக்கரை இல்லை.

நிலம் போச்சு, இனி விளையாது என்று சிலர் சொல்கிறீர்கள். 2004 சுனாமியில் நாகை வயல்களில் கடலே ஏறி நின்றது. நம்மாழ்வார் அய்யாவும் அந்த ஊர் விவசாயிகளும் தக்கைப்பூண்டு, தொழு உரம், பழைய நெல் ரகங்கள் என்று வைத்து மீட்டார்கள். குழியடிச்சான், களர்பாலை எல்லாம் உப்பு தாங்குகிற நெல். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: களர் வேறு, உவர் வேறு. களருக்குத்தான் ஜிப்சம். உவருக்கு மருந்து, நல்ல தண்ணி கட்டி வடிப்பது. மண்ணைப் பரிசோதிக்காமல் யார் ஜிப்சம் மூட்டை நீட்டினாலும் வாங்காதீர்கள். நல்ல தண்ணிக்கு எங்கே போவது என்பீர்கள். மீஞ்சூர் பக்கம் சென்னையின் குடிதண்ணிக்காக வருஷக்கணக்கில் உறிஞ்சி, நிலத்தடியிலே கடலை உள்ளே இழுத்துவிட்டார்கள். போரை நம்பிப் பயனில்லை. ஏரி, தாங்கல், வரத்துக்கால்வாய்தான் கதி.

நம்ம பக்கமும் ஒன்று சொல்லணும். நாம் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் வடிகால் வழியாக இந்த ஏரியிலேதான் விழுகிறது. மீனவர்கள் நம்மிடம் அதைக் கேட்டார்கள், கேட்டது நியாயம். ஊக்கத்தொகை வாங்குகிற வயலில் விஷமருந்து கிடையாது என்று நாமே நிபந்தனை வைத்திருக்கிறோம்.

கேட்பது இதுதான். ஏரிக்கரை கிராமங்களை வேளாண் பாதுகாப்பு மண்டலமாக்கு. வயலை மாற்றாதவனுக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை கொடு, அதுவும் பட்டாக்காரருக்கு மட்டுமில்லை, உழுகிற குத்தகைக்காரருக்கும் கொடு. கேரளத்துத் திட்டத்தில் நமக்குப் பிடிக்காதது அந்த ஒன்றுதான். உப்பு தாங்கும் நெல்லை விதைக்குக் கொடுத்து, விளைந்ததை நேரடி கொள்முதல் நிலையத்தில் எடு. தாங்கலையும் வரத்துக்கால்வாயையும் தூர் வாரு. கைவிட்ட குட்டைகளை, வெட்டியவர் செலவிலேயே மூடு.

வருகிற விவசாயிகள் குறைதீர் நாளுக்குத் திருவள்ளூர் போகிறோம். பட்டா, அடங்கல் நகலை வி.ஏ.ஓ.விடம் இந்த வாரமே வாங்கி வையுங்கள். பட்டா இல்லாத குத்தகைக்காரர்கள், எத்தனை வருஷமாக உழுகிறீர்கள் என்று வெள்ளைத்தாளில் எழுதி, பக்கத்து வயல்காரர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள். உப்பு ஏறின வயல் மண்ணை ஒரு பையில் கட்டி, சர்வே நம்பர் எழுதிக் கொண்டுவாருங்கள். மீனவ ஊர்ப் பஞ்சாயத்தார் தனி மனுவோடு நம்முடன் வருகிறார்கள். காலை முதல் பஸ்ஸுக்குப் பழவேற்காடு பஸ் நிலையத்தில் கூடுவோம்.