பிளாக்டன் வந்து சேர்ந்த மாலை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலே பிளாக்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், நானும் என் மனைவியும் பதினொரு வயது மகளும் ஒரு வார விடுமுறையைக் கழிக்க அவ்வூரை அடைந்தோம். கிளாஸ்கோவில் பணிபுரியும் என் மைத்துனர் எங்களுக்காக அங்கே ஒரு சிறு வீட்டை ஏற்பாடு செய்திருந்தார். நேயர்களே, அந்த வாரம் முழுவதையும் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை; வந்து சேர்ந்த மாலையைப் பற்றி மட்டுமே சொல்ல விரும்புகிறேன்.

இன்வர்னெஸ் நகரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ரயில் பயணம். இந்தப் பாதை 1870-இல் ஸ்ட்ரோம் பெரி என்னும் இடம் வரையில் வந்தது. அங்கிருந்து கைல் துறைமுகம் வரையுள்ள எஞ்சிய பத்து மைல்களைப் பாறைகளை வெட்டி அமைத்து முடிக்க 1897 ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமையில் மீன் ஏற்றுவது தெய்வக் குற்றம் என்று சொல்லி, 1883-இல் மீனவர்கள் திரண்டு வந்து வேலையை நிறுத்தியதும் அதே ஸ்ட்ரோம் பெரியில்தான். சில சிறு நிலையங்களில் முன்கூட்டியே கார்டிடம் சொன்னால்தான் வண்டி நிற்கும். இந்தச் செய்தி என் மகளுக்கு மலைகளைக் காட்டிலும் பெரிய அதிசயமாகத் தோன்றிற்று.

வழியில் 'லாக் காரன்' என்னும் நீர்ப்பரப்பு வந்தது. அந்நாட்டு மொழியில் 'லாக்' என்பது ஏரியையும் குறிக்கும், நிலத்தினுள் நீண்டு புகும் கடலையும் குறிக்கும். ஏரி என்றே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கரையில் ஒதுங்கிக் கிடந்த கடற்பாசியைக் கண்ட பிறகுதான் அது கடலென்று தெளிந்தேன்.

பிளாக்டன் நிலையத்தில் பெயர்ப்பலகை இரண்டு மொழிகளில் இருந்தது. ஆங்கிலத்தில் பிளாக்டன், கேலிக் மொழியில் 'அம் ப்லோக்'. பலகையைக் கண்டால் பொருள் தேடுவது மொழிபெயர்ப்பாளனின் தொழில் நோய். ஆனால், பெட்டிகளைச் சுமந்து ஊருக்குள் நடக்கையில், கொசுவிலும் சிறிய ஒருவகை ஈக்கள் கூட்டமாக வந்து கடிக்கத் தொடங்கியதால் ஆராய்ச்சியைத் தள்ளிப் போட நேர்ந்தது.

கடலை நோக்கி வரிசையாக வெள்ளை வீடுகள். அவற்றின் முன்னே, என்ன விந்தை, பனை போன்ற மரங்கள்! சென்னை இருப்பது 13-ஆம் அட்சரேகையில். இவ்வூரோ 57-ஐயும் கடந்தது. "பனைமரம்!" என்று கூவினாள் மகள். எனக்கோ நம் ஊர்த் தாழை நினைவுக்கு வந்தது. உண்மையில் அவை நியூஸிலாந்திலிருந்து கொண்டுவந்து நட்டவை. அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் இக்கரையின் குளிரைத் தணிப்பதால் அவை இங்கே பிழைத்து நிற்கின்றன.

எழுபது வயதை எட்டிய ஒரு மூதாட்டி சாவியோடு காத்திருந்தார். மேசைமீது பாலும் முட்டையும் ஓட்ஸ் பிஸ்கோத்தும் வைத்திருந்தார். நான் ஊர்ப்பெயரின் பொருளைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "என்னைக் கேட்டுப் பயனில்லை, என் பேத்தியைக் கேளுங்கள்" என்றார்.

அவருடைய தந்தை கேலிக் பேசியதற்காகப் பள்ளியில் அடிபட்டவராம். 1872-இல் வந்த கல்விச் சட்டம் அம்மொழிக்கு இடமே தரவில்லை. தம் பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாமென்று அந்தத் தந்தை மொழியையே மறைத்துவிட்டார். "பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதவற்றை மட்டும் பெற்றோர் அதில் பேசிக்கொள்வார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த கேலிக்கெல்லாம் கடன் தொகையும் வசைச் சொல்லுந்தான்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆயினும் அதற்குப் பிறகு சிறிது நேரம் அவர் பேசவில்லை.

கேலிக் வழியில் கற்பிக்கும் தொடக்கப்பள்ளி வகுப்புகள் 1985-இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னெஸ்ஸிலும் தொடங்கின. பின்னர்ப் பல ஊர்களுக்கும் பரவின. 2022-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஏறக்குறைய 54 இலட்சம் மக்கள் வாழும் ஸ்காட்லாந்தில் அம்மொழியைப் பேச வல்லார் 70,000 பேருக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது வயதான அந்தப் பேத்தியும் அவ்வாறு பள்ளியில் பயின்றவளே. 'ப்லோக்' என்றால் மண்கட்டி, மொட்டையான நிலமுனை என்று அவள் விளக்கினாள். ஊர் என்னும் பொருளுடைய ஆங்கில ஈறு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாம்.

பிறகு அவள் என் மகளிடம் ஒரு தாளை நீட்டி, "உன் மொழியில் உன் பெயரை எழுது" என்றாள். புதுதில்லியில் பிறந்து வளர்ந்த என் மகள் தயங்காமல் நாகரியில் எழுதினாள். "இதுதான் உன் பாட்டியின் எழுத்தா?" என்று அடுத்த கேள்வி வந்தது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். வீட்டிலே தமிழ் பேசுகிறோம், அது போதுமென்று இத்தனை ஆண்டுகள் இருந்துவிட்டவர்கள் நாங்கள் இருவருந்தானே!

அவர்கள் விடைபெற்றுச் சென்ற பின்னர் முட்டையைப் பொரித்து உண்டோம். இரவு பத்து மணியாகியும் வெளிச்சம் மறையவில்லை. கடல் வற்றி, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. உறங்கச் சொன்னபோது மகள் எழுந்திருக்கவில்லை. அவள் பெயரில் ழகரம் உண்டு. அதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். தாள் ஏதும் கைக்குக் கிட்டாததால், முட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் உட்புறத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன். வால் எந்தப் பக்கம் வளையவேண்டும் என்பதில் மூன்று முறை தவறினாள். நான்காம் முறை என் கையைத் தள்ளிவிட்டுத் தானே எழுதினாள்.