குப்பையைப் பிரித்துக் கொடுத்தலும் சங்க அங்கத்தினர் கடமையும்

(ஆரணி பட்டு நெசவாளர் சங்க அங்கத்தினர் கூட்டத்துக்குரிய பிரசங்கம்)



ஆரணியில் பட்டு நெசவு செய்யும் வீட்டில் தினந்தோறும் இருவிதக் கழிவு சேருகின்றது. ஒன்று தறியைச் சேர்ந்தது. மற்றொன்று அடுப்பங்கரையைச் சேர்ந்தது. தறிக் கழிவை எவரும் அலட்சியம் செய்வதில்லை. அறுந்த பட்டு நூல் ஒரு பையிலும், சரிகைத் துண்டு ஒரு டப்பாவிலும் தனித்தனியே சேர்த்து வைக்கப்படுகின்றன. அசல் சரிகையில் வெள்ளி உண்டென்பதும், அதற்கு விலை உண்டென்பதும் அவ்வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அடுப்பங்கரை விஷயத்தில் அதே குடும்பம் வேறு விதமாய் நடந்துகொள்கின்றது. கறிகாய்த் தோல், பிளாஸ்டிக் பை, உடைந்த கண்ணாடி, பழைய மருந்து, காகிதம் யாவும் ஒரே கூடையில் விழுகின்றன.

இப்படிக் கலப்பதே நஷ்டத்துக்கு மூலகாரணம். சிவப்பு நூலும் பச்சை நூலும் சிக்கிக்கொண்டால், அவற்றைப் பிரிக்க ஆகும் கூலி நூலின் விலையை மிஞ்சிவிடும். முதலிலேயே தனித்தனியாக வைத்திருந்தால் கூலியே இல்லை. குப்பையும் அவ்விதமே. காய்கறிக் கழிவு தனியே இருந்தால் எருவாகும். காகிதமும் தகரமும் தனியே இருந்தால் விலைக்குப் போகும். இரண்டும் கலந்தால் ஊர்ப்புறத்தில் மலைபோல் குவிந்து, ஈக்கும் துர்நாற்றத்துக்கும் இருப்பிடமாகும். மழைக்காலத்தில் அதன் கசிவு பூமிக்குள் இறங்கிக் கிணற்று நீரைக் கெடுக்கும். கமண்டல நாகநதிக் கரையில் வசிக்கும் ஜனங்களுக்கு இது அற்ப விஷயமன்று.

எருவின் பிரயோஜனத்தை அறிய ஒரு திருஷ்டாந்தம் போதும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விவசாய நிபுணர், யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து ஒரு முறையைச் சீர்படுத்தினார். சருகு, பச்சிலை முதலிய கழிவுகளை அடுக்கி, இடையிடையே சாணக் கரைசலும் சாம்பல் கலந்த மண்ணும் இட்டு, பிழிந்த துணியின் ஈரம் இருக்கும்படி வைத்து, மும்முறை புரட்டினால் சுமார் 90 நாளில் நல்ல எரு கிடைக்கும். ஆனால் அவ்வெருவில் கண்ணாடித் துண்டு கிடந்தால் எந்தக் குடியானவரும் அதில் கால் வைக்கத் துணியார். ஆகவே ஒரு கைப்பிடிக் கண்ணாடி ஒரு வண்டி எருவை வீணாக்க வல்லது.

இந்திய அரசாங்கம் 2016-ஆம் வருஷத்தில் வகுத்த விதிகள், வீட்டார் குப்பையை மூன்றாகப் பிரித்தே கொடுக்கவேண்டுமென்று கூறின. மக்கும் கழிவு ஒன்று. மக்காத உலர்ந்த கழிவு மற்றொன்று. மருந்து, ஊசி, பாட்டரி, குழல் விளக்கு போன்ற அபாயகரமான பொருள்கள் மூன்றாவது. சாயப் பொடி இருந்த காலி டப்பாவையும் இம்மூன்றாவதில் சேர்ப்பதே விவேகம்.

விதி இருந்தால் மட்டும் போதுமா? ஒரு தெருவில் ஒரு வீட்டார் மாத்திரம் பிரித்துக் கொடுத்து, மற்ற வீட்டார் கலந்து கொடுத்தால், வண்டியில் ஏறியவுடன் அந்த ஒரு வீட்டாரின் பிரயாசை வீணாகின்றது. வண்டிக்காரர் கலந்துவிட்டால் தெருவார் அனைவருடைய பிரயாசையும் வீணே. ஒருவரால் ஆகாதது பலர் கூடினால் ஆகும் என்பதே 1904-ஆம் வருஷத்தில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் தோன்றிய காலமுதல் சங்கங்களின் மூலதத்துவம். குப்பை விஷயமும் அத்தத்துவத்துக்கு உட்பட்டதே.

சங்க முறையிலேயே இதைச் சாதித்துக் காட்டியவர்கள் புனா நகரத்தில் குப்பை பொறுக்கிப் பிழைத்த ஏழைகள். அவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். 1993-இல் அவர்கள் ஒரு தொழிலாளர் சங்கம் அமைத்தனர். அதன் வழியாகத் தோன்றிய 'ஸ்வச்' என்னும் கூட்டுறவு சங்கம், 2008-இல் நகரசபையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கிற்று. வீட்டார் மாதந்தோறும் ஒரு சிறு கட்டணம் கொடுக்கின்றனர்; உலர்ந்த பொருள்களை விற்ற பணமும் அங்கத்தினரையே சேருகின்றது. மாதவிலக்குத் துணி முதலியவற்றைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளியிட்டுக் கொடுக்கும்படியும் அவர்கள் வீட்டாரைக் கேட்டுக்கொண்டனர். அப்புள்ளியைக் கண்டால் தொழிலாளி அதைப் பிரித்துப் பார்க்கவேண்டிய அவமானம் இல்லை.

"வரி செலுத்துகிறோம், பிரிப்பது நகரசபையின் வேலை" என்று சொல்வோர் உண்டு. நகரசபை பிரிப்பதென்றால் யாருடைய கையால்? ஒரு தொழிலாளியின் கையால் அல்லவா? வீட்டில் அரை நிமிஷ வேலையாக இருப்பது, அங்கே கைகிழியும் வேலையாகின்றது.

ஆகவே சங்கத்தார் கீழ்க்கண்டவற்றை அனுஷ்டிப்பது நலம்:

1. வீட்டுக்கு இரண்டு கூடையும், அபாயப் பொருளுக்கு ஒரு மூடிய டப்பாவும் வைத்தல்.

2. தெருவுக்கு இரண்டு அங்கத்தினர் பொறுப்பேற்று, முதல் மாதம் வண்டி வரும் வேளையில் உடனிருத்தல்.

3. தடுப்புள்ள வண்டியும், தறி வேலைக்கு இடைஞ்சலில்லாத குறித்த நேரமும் வேண்டுமென்று நகரசபைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தல்.

4. பிரித்ததை வண்டியில் மறுபடி கலந்தால், கூச்சலிடாமல், தேதியும் தெருவும் குறித்து அதிகாரிக்குத் தெரிவித்தல்.

5. சேகரிக்க வரும் தொழிலாளர்களுக்குக் கையுறை கிடைக்கின்றதா என விசாரித்தல். அவர்களை மரியாதையாக அழைத்துப் பேசுதல்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. அறுந்த நூலைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் நெசவாளர் கையில் ஏற்கெனவே உண்டு. அந்தப் பழக்கம் தறியிலிருந்து அடுப்பங்கரைக்குச் செல்லவேண்டும். ஒரு வீட்டிலிருந்து தெரு முழுவதும் பரவவேண்டும். அதுவே இக்காரியத்தில் சங்கம் செய்யத்தக்க சேவையாகும்.