தடித்த சாய்வெழுத்தும் புள்ளியும்



1501ஆம் ஆண்டு வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு வெளியிட்ட வர்ஜிலின் கவிதைத் தொகுதியே முழுவதும் சாய்வெழுத்தில் அச்சேறிய முதல் நூல். அந்நாட்டார் கையெழுத்தின் சாயலில் பிறந்த எழுத்து அது. தமிழுக்கோ அச்சின் வழியே வந்த விருந்து.

மலரின் முகப்பிலும் அழைப்பிதழின் தலைப்பிலும் தடித்த சாய்வெழுத்து, சொல்லுக்கு மிடுக்கும் விரைவும் சேர்க்கிறது. ஆயினும் தடிப்பு மிகுந்தால் ண, ன ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். புள்ளி மேற்கோட்டோடு ஒட்டி மறையும். ‘பல்’ என்பது ‘பல’ என்றாகிவிடும்.

ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. படிப்பவரே இடமறிந்து கொண்டனர். அச்சு மீட்டுத் தந்த புள்ளியை அலங்காரத்துக்காக இழக்கலாமா?

தலைப்பின் ஓரிரு சொற்களுக்கு அதனை அணியாக்குவோம். உரைக்கு நிமிர்ந்த எழுத்தே போதும். மலர்க்குழுவினர் மெய்ப்பில் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்தருள வேண்டுகிறேன்.