கடுக்கலூர் ஹவில்தார்
(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



விடுதிச் சாம்பாரைப் பற்றியும் வார்டனைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் பாக்கி வைக்காமல் பேசிவிட்டார்கள். என்.சி.சி.யில் மூன்று வருஷம் இருந்தவன் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு (பரேடு முடிந்தால் கிடைக்கும் பூரிக்காகச் சேர்ந்தவன்தான், அது வேறு கதை) ஒரு ராணுவக்காரரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார் தலைவர்.

நான் உறையூர்க்காரன். சோழன் தலைநகரம் என்று நாங்கள் பீற்றிக்கொள்வோம். ஆனால் அந்த ஊரில் ஆண்ட கோப்பெருஞ்சோழன் மேல் பெற்ற பிள்ளைகளே படை திரட்டி வந்தார்கள் என்பதை அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டோம். இவனும் சண்டைக்குக் கிளம்பினான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் குறுக்கே வந்து, ஜெயித்தால் இந்த நாட்டை யாருக்குக் கொடுப்பாய் என்கிற மாதிரி கேட்டுத் தடுத்துவிட்டார். சோழன் வடக்கிருந்து உயிர் விட்டான். நடுகல் நட்டார்கள். அந்தக் காலத்தில் செத்தவனுக்குக் கல் நட்டால் அவன் பேரும் அவன் செய்ததும் அதில் இருக்கும்.

இப்போது காந்தி மார்க்கெட்டுக்கு வாருங்கள். வெங்காய மூட்டைக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. இந்த ஊரிலிருந்து 302 பேர் போனார்கள், 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கல்லில் எழுதியிருக்கிறது. எண்ணிக்கைதான் இருக்கிறது. யார் மகன், யாருக்கு அப்பா, ஒன்றும் தெரியாது. வெள்ளைக்காரனுக்குக் கணக்குப் போதும்.

மேஜர் சரவணனை உங்களுக்குத் தெரியும். நம்ம திருச்சிப் பிள்ளை. பீகார் ரெஜிமெண்ட். 1999 மே 29 அன்று கார்கில் போரில் பதாலிக் பகுதியில் விழுந்தார். உடலை எடுக்கவே ஒரு மாசத்துக்கு மேல் ஆயிற்று. வீர் சக்ரா கொடுத்தார்கள். 26 வயசு, கல்யாணம் ஆகவில்லை. கன்டோன்மென்டில் அவர் பேரில் நினைவுச் சின்னம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாலை போடுகிறார்கள். நல்லது.

நான் சொல்ல வந்தவர் இன்னொரு வீர் சக்ரா. ஹவில்தார் கா. பழனி. ராமநாதபுரம் ஜில்லா, திருவாடானைப் பக்கம் கடுக்கலூர். அந்தச் சீமையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்மாயில் தண்ணி இருந்தால் ஒரு போகம், இல்லாவிட்டால் கருவேலம். வீட்டில் மூத்த பையன் என்றால் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர் 18 வயசில் பட்டாளத்தில் சேர்ந்தார். பின்னாலேயே தம்பியும் சேர்ந்தார்.

பீரங்கிப் படையில், 81-வது ஃபீல்டு ரெஜிமெண்டில் இருந்தார். 22 வருஷ சர்வீஸ். 22 வருஷம் என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை டிரங்குப் பெட்டியோடு ரயிலில் வந்து, பிள்ளை முகம் பழகுவதற்குள் லீவு முடிந்து கிளம்புகிற வாழ்க்கை அது. ஒரு மகன், ஒரு மகள். அவர்கள் வளர்ந்ததைப் பாதிக்கு மேல் போனில்தான் கேட்டிருப்பார். நம்மில் வளைகுடாவுக்குப் போனவர்கள் தலையாட்டுகிறீர்கள், தெரிகிறது.

சொந்தமாக ஒரு வீடு கட்டினார். 2020 ஜூன் 3 கிரகப்பிரவேசம். அவரால் வர முடியவில்லை. அது கொரோனா சமயம், எல்லையிலும் பதட்டம். வீட்டுக்காரர் இல்லாமலே பால் காய்ச்சினார்கள். இன்னும் கொஞ்ச நாளில் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிடுவதாகத்தான் இருந்தார்.

ஜூன் 15 ராத்திரி கல்வான் பள்ளத்தாக்கு. சீனாக்காரனோடு கைகலப்பு. தம்பிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 1996-இல் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி, எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடக் கூடாது. அதனால் அந்த ராத்திரி கல், கம்பி, ஆணி அடித்த தடி, இவைதான் ஆயுதம். 14,000 அடி உயரம். கீழே உறைகிற ஆறு. பீரங்கிப் பட்டறிவெல்லாம் அங்கே செல்லாது. காயம்பட்டுக் கிடந்த சக வீரரை மறைத்துக்கொண்டு நின்றார் பழனி. கூர்மையான ஆயுதத்தால் அவரைக் குத்தினார்கள். விருதுப் பத்திரத்தில் இருப்பது இது.

அந்த ராத்திரி நம் பக்கம் 20 பேர் போனார்கள். சீன எல்லையில் உயிர்ச்சேதம் என்பது 1975-க்குப் பிறகு அப்போதுதான். மறுநாள் முதலில் மூன்று பேர் என்றுதான் செய்தி வந்தது: கர்னல் சந்தோஷ் பாபு, பழனி, சிப்பாய் குந்தன் ஓஜா. தெலுங்கர் ஒருவர், தமிழர் ஒருவர், ஜார்க்கண்ட்காரர் ஒருவர். பிறகு எண்ணிக்கை ஏறியது. தங்கள் பக்கம் நாலு பேர் செத்ததாகச் சீனா ஒப்புக்கொள்ளவே 2021 பிப்ரவரி ஆயிற்று.

உடல் விமானத்தில் மதுரைக்கு வந்து, 18-ஆம் தேதி சொந்த மண்ணில் குண்டு முழக்கத்தோடு அடக்கமானது. புது வீட்டுக்கு அவர் வந்தது அப்படித்தான். தமிழக அரசு 20 லட்சமும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. 2021 குடியரசு தினத்தில் வீர் சக்ரா அறிவித்தார்கள். அந்த நவம்பரில் டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் அவர் மனைவி வாங்கிக்கொண்டார். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது, பதக்கத்தைவிட அந்த அம்மாவின் முகத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

'தியாகி' என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிடுகிறோமே, எனக்கு அது போதவில்லை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப் போன மனுஷன் அவர். சம்பளத்துக்காகப் போனார் என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளத்துக்குப் போனவர்தான், காயம்பட்டவனை விட்டு ஓடாமல் நின்றிருக்கிறார்.

நம்ம ஊரிலேயே ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் இருக்கிறது. விடியற்காலையில் மைதானத்தில் 1,600 மீட்டர் ஓடிப் பழகும் பையன்களில் இந்தக் கல்லூரிப் பையன்களும் உண்டு என்று கேள்விப்பட்டேன். போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் விவரம் தெரிந்து போங்கள். பழனி காலத்து ஏற்பாடு வேறு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சர்வீஸ் நாலு வருஷம். நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்குச் சுமார் பதினோரு லட்சத்துச் சொச்சம் கையில் கொடுத்து அனுப்புவார்கள், பென்ஷன் கிடையாது. 22 வருஷம் உழைத்து வீடு கட்டிய கணக்கு அதில் வராது. இதை வீட்டில் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிட்டு ஓடுங்கள்.

பழைய மாணவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். டிசம்பர் 7 கொடி நாள். சட்டையில் குத்துகிற அந்தச் சின்னக் கொடிக்குச் சில்லறை தேடாதீர்கள். அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போகிறது. சங்கத்தின் பேரில் இந்த வருஷம் ஒரு தொகை கட்டலாம் என்று நான் முன்மொழிகிறேன். பொருளாளர் என்னை முறைக்கிறார். இருந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம், சாப்பிட்ட பிறகு யாரும் இருக்க மாட்டீர்கள்.